கட்டம் போட்ட நாற்காலி

கோணி ஊசி என்பது பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர். ஆறடி உயரம், அதற்கேற்ற சதை கிடையாது, குனிந்தே வேலை செய்ததில் கழுத்து மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். சாக்கு தைக்கிற ஊசியைப் பக்கத்தில் நிறுத்தினால் எது ஆள், எது ஊசி என்று ஒரு நொடி யோசிக்கத்தான் வேண்டும். அவன் கோபித்துக்கொண்டதில்லை. "ஊசின்னுதானே சொல்றாங்க, உலக்கைன்னா சொல்றாங்க?" என்பான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு முறை உட்கார்ந்தான். மூன்றாம் முறை மாட்டேன் என்றான். "உக்காந்தது போதும். இனிமே அடுத்தவங்க உக்கார்றதுக்குத் தச்சுக் குடுக்கறேன்" என்று சீட்டு தைக்கும் பட்டறையில் சேர்ந்தான். பேருந்து, வேன், சினிமாக் கொட்டகை, முடிவெட்டும் கடை என்று அவன் தைக்காத இருக்கை இல்லை. பல் டாக்டரின் நாற்காலிக்குக்கூட அவன்தான் மெத்தை போட்டான். அதில் படுத்தவர்கள் வலியைப் பற்றிக் கத்தியிருக்கிறார்கள். மெத்தையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அவனுடைய கொள்கை ஒன்றே ஒன்று: சீட்டு பேசக் கூடாது. உட்காரும்போது கிறீச் என்றோ, எழும்போது புஸ் என்றோ சத்தம் வந்தால் அது அவன் கை வேலை அல்ல.

இதையெல்லாம் அவனுடைய அக்கா யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணி எண்ணுகிறாள். காலையில் இருநூறு போர்வை அழுக்காக இறங்கினால் மாலையில் இருநூறு போர்வை சுத்தமாக ஏற வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்காது. எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் அவள் எழுதி வைத்த பட்டியலில் இதுவரை அடித்தல் திருத்தல் கிடையாது.

அவர்களுடைய அப்பா, எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கினார். வாழ்நாள் முழுக்க ஏறியும் இறங்கியும் இருந்த இடத்திலேயே இருந்த மனிதர். நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. சர்க்கரை வந்தவர் வேலை பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது லிஃப்ட்தான். எட்டு மாடியில் தினம் யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது பதவி உயர்வு, யார் வீட்டிலாவது குழந்தை. எல்லாரும் டாஃபிப் பையோடு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால் அம்மா காவலில் இறங்கினாள். துவைக்கப் போடுகிற ஒவ்வொரு சட்டைப் பாக்கெட்டிலும் அவள் கை போய் வரும். டாஃபி கிடக்கட்டும், அதன் காகிதத்தில் ஒரு துணுக்கு அகப்பட்டால்கூட அன்று வீட்டில் விசாரணை. குப்பைக்கூடையும் தப்பாது. பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் இருந்தது: அப்பா பாக்கெட்டில் அம்மாவைத் தவிர யார் கையும் போகக் கூடாது. போனால் தடயம் கலைந்துவிடும்.

அப்பா ஒரு நாளும் மாட்டவில்லை. "நான் தொடறதே இல்ல. நீ வேணா மோந்து பாரு" என்பார். அம்மா மோந்தும் பார்த்தாள்.

போன வருடம் கடுமையான காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஒரே வாரத்தில் அப்பா போய்விட்டார். சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சர்க்கரை கடைசிவரை அளவோடுதான் இருந்தது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுதான் அம்மாவுக்குச் சான்றிதழ். துக்கம் கேட்க வந்தவர்களிடம் முதலில் அழுவாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டை எடுத்துக் காட்டுவாள். "இருபது வருஷம். ஒரு டாஃபி உள்ள போக விடல."

அதற்குப் பிறகு அப்பாவின் பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வருடமாக அது திறக்கவில்லை.

அப்படியே இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். அம்மாவும் தம்பியும் போவதற்கு நான்காம் மாடியில் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தாள். பீரோ லிஃப்டுக்குள் நுழையாது. படிக்கட்டில் இரண்டாவது திருப்பத்தில் நான்கு அங்குலம் இடிக்கும். மூன்று முறை அளந்தாள். நான்கு அங்குலம் நான்கு அங்குலமாகவே இருந்தது.

"அப்ப நானும் வரல" என்றாள் அம்மா. "பழைய சாமான்காரன் வந்தா பீரோவோட சேத்து என்னையும் எடைக்குப் போட்டுடுங்க."

"பீரோ எதுக்கும்மா? உள்ள இருக்கறதை எடுத்துக்கலாமே" என்றாள் அக்கா.

"எடுத்து? மூட்டை கட்டி பரண்ல போடவா? உங்கப்பாவுக்கு மூச்சு முட்டும்."

வீட்டைக் காலி செய்யப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தம்பி முதலில் சின்னதாக ஆரம்பித்தான். துவைத்துக் கொடியில் தொங்கியபடியே தங்கிவிட்ட அப்பாவின் சட்டை ஒன்று பீரோவுக்கு வெளியே இருந்தது. அதை ஒரு கைப்பையாகத் தைத்தான். காலர்தான் வாய், கைப்பட்டிகள்தான் பிடி. அழகாகவே இருந்தது. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாள் கடைக்கு வாங்கன்னா வரமாட்டாரு. இப்ப தூக்கிட்டுப் போகணுமா?"

பையைப் பிரித்துத் தலையணை உறை ஆக்கினான்.

"முப்பத்திரண்டு வருஷம் பக்கத்துல குறட்டை கேட்டேன். இனிமே காதுக்குக் கீழயேவா?"

அப்பாவின் கைக்கடிகாரத்தை ஒரு மரச்சட்டத்தில் பதித்துச் சுவரில் மாட்டினான். அது அப்பா கையில் இருந்தபோதே பத்து நிமிடம் மெதுவாக ஓடும். "இதை நம்பி அவரே வேலைக்கு லேட்டாப் போவாரு" என்று அம்மா கழற்றிக் கையில் கொடுத்தாள். அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு அப்பாவின் பெல்ட்டை வெட்டி உறை தைத்தான். அதை மட்டும் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் பீரோவின் சாவி இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

"டேய், ஊசி போற அளவுக்குக்கூட வழி விடமாட்டேங்கறாங்களே" என்றாள் அக்கா.

"இது கோணி ஊசிக்கா, கொஞ்சம் இடிச்சுத்தான் போகும்" என்றான் தம்பி.

கூடத்து மூலையில் அப்பாவின் நாற்காலி கிடந்தது. தம்பி தொழில் பழகும்போது தைத்த முதல் இருக்கை அது. சிவப்பு ரெக்ஸின், இடது பக்கம் ஒரு சாய்வு, உள்ளே ஸ்பாஞ்சு கட்டி கட்டியாக. மாற்றித் தருகிறேன் என்று அவன் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். "நாற்காலி சாய்ஞ்சா நானும் கூடவே சாய்ஞ்சுக்கறேன். உனக்கென்ன?" என்று பத்து வருடம் அதிலேயே உட்கார்ந்தார் அப்பா. அவர் போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லை.

தம்பி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அம்மாவிடம் போனான்.

"எல்லாச் சட்டையையும் குடும்மா. ஒரு சட்டைகூட மூட்டைக்குப் போகாது, பரணுக்குப் போகாது. மொத்தமா இந்த நாற்காலிமேல வரும். நாற்காலி லிஃப்ட்ல போகும்."

அம்மா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "பாக்கெட்?" என்றாள்.

"என்ன பாக்கெட்?"

"பாக்கெட்டை வெட்டக் கூடாது. நான் கை விட்டுப் பார்த்த பாக்கெட்."

"எல்லாம் அப்படியே இருக்கும்மா. கைப்பிடில, முதுகுல, பின்னாடி. கை விட்டா உள்ள போகும்."

"தச்சுட்டு வா. பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். பிடிக்கலன்னா நான் இங்கதான்." சாவி இடுப்பிலிருந்து வந்தது.

அக்கா கணக்கெடுத்தாள். இருபத்து மூன்று சட்டை, அத்தனையும் கட்டம் போட்டவை. நிறம், கழுத்தளவு, எந்தச் சட்டையில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்பதுவரை எழுதினாள். பாக்கெட்டுக்குள் மட்டும் கை விடவில்லை. அம்மா பார்த்த பாக்கெட்டை மறுபடி பார்ப்பது அம்மாவையே சந்தேகப்படுவது மாதிரி. அதுவும் போக, சின்ன வயதுச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் கையைவிட்டுப் போகாது.

உட்காரும் இடத்துக்கு எந்தச் சட்டை என்று தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அடுக்கின் அடியில் மெரூன் கட்டம் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளுடைய கல்யாணத்துக்கு அப்பா எடுத்தது. அதற்குள் தொப்பை முந்திக்கொண்டதால் போடவே இல்லை. "இளைச்சதும் போடறேன்" என்று அடியில் வைத்தார். "தேயாத துணி. உக்கார்ற இடத்துக்கு இதைப் போடுடா" என்றாள்.

தம்பி ஒன்பது நாள் தைத்தான். சட்டைத் துணி மெல்லியது என்பதால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் முரட்டுக் கித்தான் துணி கொடுத்தான். ஒரு சட்டையின் கோடு அடுத்த சட்டையின் கோட்டோடு சேரும்படி நூல் பிடித்து வெட்டினான். முதுகில் எட்டு, கைப்பிடிக்கு நான்கு நான்கு, பின்புறம் ஆறு, உட்காரும் இடத்தில் மெரூன். இருபத்திரண்டு பாக்கெட் வாய் திறந்து இருந்தன. மெரூனில் மட்டும், உட்காருபவர் உடையில் மாட்டும் என்பதால் பாக்கெட்டைத் தட்டையாக அமுக்கி, பட்டறை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வாயை மூடித் தைத்துவிட்டான். விளிம்பெல்லாம் காலர்களால் ஆன கரை. அந்தச் சாய்வை மட்டும் சரி செய்யவில்லை. "அது அப்பாவோடது" என்றான்.

வீடு மாறுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா பட்டறைக்குப் போனாள். சுற்றி வந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். சொல்ல ஒரு குறை கிடைக்கவில்லை. பெருமை தாங்காமல் சிறிது நேரம் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

சரசர என்றது.

தம்பியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "எழுந்திரு" என்றான். எழுந்தாள். "உக்காரு." உட்கார்ந்தாள். சரசர.

"என் சீட்டு பேசாதுக்கா!"

"பேசலடா. முணுமுணுக்குது."

ஸ்பாஞ்சை அமுக்கினான், கித்தானைத் தட்டினான், தலைகீழாகக் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்டான். கடைசியில் வளைஊசியைப் பாக்கெட்டின் ஓரத் தையலுக்குள் விட்டு, மீன் பிடிப்பது போல நெம்பி எதையோ வெளியே இழுத்தான். பச்சை நிறக் கண்ணாடிக் காகிதம். இரண்டு முனையும் முறுக்கிய தடத்தோடு.

டாஃபி சுற்றி வரும் காகிதம்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இருக்கு" என்றான் தம்பி, தடவிப் பார்த்துவிட்டு. "நிறைய."

"போடாத சட்டை" என்றாள் அக்கா மெதுவாக. "போடாததைத் துவைக்க மாட்டாங்க. துவைக்காததை அம்மா பார்க்க மாட்டாங்க."

"தினம் காலைல பீரோ முன்னாடி கால் மணி நேரம் நிப்பாரே."

"சட்டை தேடறேன்னு."

"இருக்கறது எல்லாமே கட்டம். அதுல என்னக்கா தேடல்?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். காவல்காரியின் பீரோவிலேயே மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறாள். சிரித்து முடித்ததும் சான்றிதழ் ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இருபது வருடக் காவல். ஒரு டாஃபி உள்ளே போகவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவள். இப்போது இது தெரிந்தால்? நாற்காலியும் வேண்டாம், நான்காம் மாடியும் வேண்டாம் என்று பழைய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டால்?

"பிரிச்சுடு" என்றாள்.

"பசை போட்டு, ஆணி அடிச்சு, கரை சுத்தியாச்சு. பிரிச்சு மாட்ட ரெண்டு நாளாவது ஆகும். வேன் காலைல ஏழு மணிக்கு வருது."

"அப்ப அங்க போய்ப் பிரிச்சுக்கலாம். அதுவரைக்கும் அம்மா உக்காரக் கூடாது."

"உக்கார்றதுக்குச் செஞ்ச நாற்காலிக்கா அது."

"எனக்குத் தெரியாதா? ஏதாவது சாமானை மேல வெச்சுடு."

மறுநாள் புது வீட்டின் வாசலில், பட்டறை வண்டியிலிருந்து நாற்காலி இறங்கியபோது அதன்மேல் ஒரு மேசை மின்விசிறி, இரண்டு வாளி, ஒரு குக்கர் இருந்தன. அக்காவின் கணவர் பக்கத்தில் நின்றார். பேச்சு குறைந்த மனிதர். குக்கரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதால், என்ன ஏது என்று கேட்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது, மனுஷனைப் பாத்திரக் கடை ஆக்கிட்டீங்க?" என்று அம்மா எல்லாவற்றையும் தானே இறக்கி வைத்தாள்.

நாற்காலியைத் தொட்டாள். நீலக் கட்டம், சாம்பல் கட்டம், கை முட்டியில் நைந்த பச்சைக் கட்டம். குனிந்து கைப்பிடியில் இருந்த முதல் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. சுற்றி வந்து இருபத்திரண்டையும் பார்த்தாள். அவசரப்படவில்லை. துவைக்கப் போடுவதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"சுத்தமா இருக்கு" என்று நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரலில் அதிகாரி இருந்தாள். "பாத்தியா, ஒண்ணுமே இல்ல."

அக்கா தரையைப் பார்த்தாள்.

லிஃப்ட் சின்னது. நாற்காலி நுழைந்தால் கூட ஒரே ஒரு ஆள் நிற்கலாம். அம்மாவின் முட்டி நான்கு மாடி ஏறாது. "நான் இதோடயே போறேன்" என்று உள்ளே போனாள்.

"நின்னுக்கிட்டே போம்மா" என்றான் தம்பி.

"ஏன்?"

"பசை... பசை இன்னும் காயல."

"காயாத பசையில வாளி வெப்பியா நீ? பக்கத்துல நாற்காலி இருக்க நின்னுட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?"

கதவு மூடுகிற நேரத்தில் அம்மா பின்பக்கமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்வது தெரிந்தது. கதவு மூடியது. அதற்குப் பின்னால் லேசாக, சரசர.

இருவரும் படிக்கட்டில் பாய்ந்தார்கள். தம்பிக்கு நீளக் கால், இரண்டிரண்டாகத் தாவினான். அக்காவுக்கு அந்த நேரத்திலும் படி எண்ணாமல் ஏற முடியவில்லை. பதினெட்டு, முப்பத்தாறு. இரண்டாவது மாடியில் சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மேலே போகும் சத்தம். அதோடு அம்மாவின் குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் ராகம் தெரிந்த ராகம். ஒரு வருடமாக அவர்கள் கேட்காத ராகம். அம்மா யாரையோ திட்டிக்கொண்டு போனாள்.

நான்காம் மாடியில் கதவு திறந்தது. கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"டாஃபி" என்றாள்.

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாத சத்தமா? ரெண்டாம் மாடி தாண்டறதுக்குள்ள பிடிச்சுட்டேன். எந்தச் சட்டை?"

"மெரூன். என் கல்யாணச் சட்டை" என்றாள் அக்கா மூச்சு வாங்க. "போடாதது."

அம்மா யோசித்தாள். ஒவ்வொன்றாக விளங்குவது முகத்தில் தெரிந்தது: பீரோ, காலை, கால் மணி நேரம்.

"சட்டை தேடறாராம், சட்டை! எட்டு மாடி ஆளுங்களை ஏமாத்தலாம், என்னையுமா? இருபது வருஷம்!" என்று நாற்காலியின் கையில் ஓர் அடி வைத்தாள். உடனே சிரிப்பு வந்தது. அவள் குலுங்கக் குலுங்க நாற்காலியும் கூடவே சரசரத்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள். லிஃப்ட் கதவு இரண்டு முறை மூடப் பார்த்தது. தம்பி காலை நீட்டித் தடுத்தான்.

"அப்ப அந்த டாக்டர் சீட்டும்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதுக்கென்ன? இவரு தின்னதையும் சேத்துத்தானே நான் அளவுல வெச்சிருக்கேன்? பெருமை ரெண்டு மடங்கு" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாளைக்கே பிரிச்சு எடுத்துடறேம்மா."

"கையை ஒடிப்பேன். முதல் தடவையா கையும் களவுமா மாட்டியிருக்காரு. தப்பிக்க விடறியா? அது அப்படியே இருக்கட்டும்." பிறகு அக்காவைப் பார்த்து, "பழைய வீட்டை வாங்கினவங்க பீரோ வேணும்னாங்களே, எடுத்துக்கச் சொல்லிடு" என்றாள்.

அக்கா சாமான் பட்டியலில் 'நாற்காலி, ஒன்று' என்று எழுதினாள். 'பாக்கெட், இருபத்து மூன்று' என்று எழுதினாள். 'உள்ளே காகிதம்' என்று எழுதி, எண்ணிக்கை போட வேண்டிய இடத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் காலியாக விட்டாள். பட்டறையில் எடுத்து வைத்திருந்த அந்தப் பச்சைக் காகிதத்தை யாரும் பார்க்காதபோது கைப்பிடியின் மூன்றாவது பாக்கெட்டுக்குள் நழுவவிட்டாள். சாயங்காலம் அம்மா கை விடாமலா இருப்பாள்?

தம்பி இப்போதும் சீட்டு பேசக் கூடாது என்றுதான் சொல்கிறான். "ஒண்ணே ஒண்ணு பேசும். அது வீட்டுல இருக்கு" என்பான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பத்தோடு போனாள். அவள் கணவர் விவரம் எதுவும் அறியாமல், காலியாக இருக்கிறதே என்று போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சரசர என்றது.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் சாட்டை போல வந்தது: "எத்தனாவதுங்க இன்னிக்கு?"

அந்த மனிதர் சிலையாகிவிட்டார். அக்காவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். இருவரும் உதவவில்லை.

"முதலாவதுதான் அத்தை" என்றார்.